கிராண்டில் எத்தனை பெயர்?



"நானும் தம்பியும் சேர்ந்து ஒரு வீடு வாங்கலாமென்று இருக்கிறோம். சரிப்பட்டு வருமா?"

இதே கேள்வி வெவ்வேறு கையெழுத்தில் நமக்கு வந்துகொண்டே இருக்கிறது. தம்பி இருக்கும் இடத்தில் சில கடிதங்களில் அக்காள் இருக்கிறார், சிலவற்றில் நிச்சயம் ஆன மாப்பிள்ளை, ஒன்றிரண்டில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் தோழி. சமையல் குறிப்புக்கு வரும் பாராட்டுகளோடு இந்தக் கடிதங்களையும் அடுக்கி வைத்திருந்தேன். இந்த மாதம் ஆசிரியர் பக்கத்தை அதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

ஏன் சேர்ந்து வாங்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு கணக்கிலேயே பார்த்துவிடலாம். மூன்று லட்சம் ரிங்கிட் வீடு. பத்து விழுக்காடு முன்பணம் போக 2,70,000 லோன். வட்டி 4 விழுக்காடு, 35 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 1,195 ரிங்கிட். 2,500 சம்பளம் வாங்கும் பிள்ளைக்கு இது கிட்டத்தட்டப் பாதிச் சம்பளம். வங்கி அதிகாரி ஃபாரத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார். அதே ஃபாரத்தில் 2,300 வாங்கும் அக்காளும் கையெழுத்துப் போட்டால் இரண்டு சம்பளத்தில் தவணை கால் பங்காகிவிடுகிறது. லோன் கிடைத்துவிடும். சேமநிதியிலும் அப்படித்தான். முன்பெல்லாம் சந்தாவில் 30 விழுக்காடு இரண்டாம் கணக்கில் போய்ச் சேரும். 2024 மே மாதம் முதல் அது 'செஜாத்ரா' கணக்காகி 15 விழுக்காடுதான் அதில் விழுகிறது. வீட்டுக்கென்று எடுக்கக்கூடிய பணம் மெதுவாகத்தான் சேரும். கூட்டாக வாங்கினால் இருவரும் அவரவர் கணக்கிலிருந்து எடுக்கலாம்.

ஆக, கூட்டுச் சேர்வது யாருடைய பேராசையும் இல்லை. கையில் இருப்பது போதாது, அவ்வளவுதான்.

சொந்த வீடு நமக்கு எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் தஞ்சோங் ரம்புத்தானை வெளியூர்க்காரர்கள் 1911-இல் திறந்த மனநல மருத்துவமனையை வைத்தே அறிவார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னாலே சிரிக்கும் கூட்டம் இன்னும் இருக்கிறது. மருத்துவமனைக்கு 'பஹாகியா', மகிழ்ச்சி, என்று பெயர் மாற்றியும் அந்தச் சிரிப்பு போகவில்லை. அது கிடக்கட்டும். ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்த தஞ்சோங் ரம்புத்தான் வேறு: ரயில் பாதை, தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் ஒருகாலத்தில் ரப்பர் மரங்கள், இப்போது செம்பனையும் தாமான்களும். அந்தத் தாமான்களில் பாதிப் பேர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது, தண்ணீருக்கும் பெரிதாகச் செலவு கிடையாது. ஆனால் வேலை நின்றால் வீடும் நின்றது. பால்மரம் சீவிய கை ஓய்ந்த மாதம் சாமான்களை லாரியில் ஏற்ற வேண்டும். வீடு என்றால் வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது என்று நாலு தலைமுறை பழகிய சமூகம், சொந்தப் பெயரில் கிராண்ட் என்ற உரிமைக் காகிதத்தை இப்போதுதான் கையில் வாங்கிப் பார்க்கிறது. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று படிக்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை.

கூட்டாகச் சொத்து வாங்குவது நமக்குப் புதிதும் இல்லை. வடக்கே ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் வரும் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லிக் கசப்பது அதைத்தான். பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து தனி நூலாகவே எழுதினார். வேலையும் லயமும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் ஏராளம். அப்போது ம.இ.கா. தலைவராக இருந்த சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. தோட்டம் தோட்டமாகப் போய், லயம் லயமாக உட்கார்ந்து, தொழிலாளிகளைப் பங்கு எடுக்க வைத்தார்கள். 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன்பின் மேலும் பல தோட்டங்கள்.

அந்தக் கூட்டு நிலைத்ததற்குப் பாசம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அங்கே விதி இருந்தது. யாருக்கு எத்தனை பங்கு, லாபம் எப்படிப் பிரியும், உறுப்பினர் காலமானால் பங்குப் பணம் யாருக்கு, இவையெல்லாம் சங்கத்தின் துணைவிதிகளில் அச்சில் இருந்தன. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்ததால் எழுதி வைக்காமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. அண்ணன், தம்பி என்று வரும்போதுதான் "நமக்குள்ளே என்ன எழுத்து?" என்று விட்டுவிடுகிறோம். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தப் பங்குப் பத்திரம் தோட்டத்தில் உரிமை தந்தது, குடியிருந்த லயத்து வீட்டுக்குத் தனிக் கிராண்ட் தந்துவிடவில்லை. பங்கு வேறு, தலைக்கு மேல் கூரை வேறு.

சரி, கிராண்டுக்கு வருவோம். இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய வீட்டின் கிராண்டை எடுத்துப் பாருங்கள். உரிமையாளர் பகுதியில் முதல் பெயர், ஐசி எண், பக்கத்தில் '1/2 பஹாகியான்', அதாவது பாதிப் பங்கு. அதன் கீழே இரண்டாவது பெயர், அதே போல் '1/2 பஹாகியான்'. இது சமமாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 3/5, 2/5 என்றும் பதிந்துகொள்ளலாம். போட்ட பணத்துக்கு ஏற்ற பங்கைக் கேட்டுப் பதிய வைக்காமல், லாயர் அலுவலகத்தில் கிளார்க் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்களே அதிகம்.

அந்தப் பாதி எந்தப் பாதி? முன் அறையா, பின் அறையா? எதுவும் இல்லை. முழு வீட்டிலும் பிரிக்கப்படாத பாதி. தேசிய நிலச் சட்டப்படி அந்தப் பாதியை அவரவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம், மற்றவரிடம் சட்டப்படி அனுமதி கேட்க வேண்டியதில்லை. லோன் இருக்கும்வரை வங்கி விடாது என்பதுதான் நடைமுறையில் ஒரே தடுப்பு. உடன்பாடு வராவிட்டால் சட்டத்தின் 145-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குப் போய்க் கூட்டுரிமையை முடித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். நிலமாக இருந்தால் அளந்து பிரிக்க வழியுண்டு. மாடி வைத்த வரிசை வீட்டை எங்கே கோடு போட்டுப் பிரிப்பது? விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பதில்தான் அது போய் முடியும். வழக்குச் செலவு இருவர் தலையிலும்.

பங்காளி ஒருவர் இறந்துவிட்டால் மீதிப் பாதி தானாக மற்றவருக்கு வந்துவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சிங்கப்பூர்ச் சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். அங்கே வீவக (எச்டிபி) வீட்டைக் கணவன் மனைவி அந்த முறையில் வைத்துக்கொள்ள முடியும். நம் தீபகற்பத்தில் அப்படி இல்லை. இறந்தவரின் பங்கு அவர் வாரிசுகளுக்குத்தான் போகும். உயில் இல்லாவிட்டால் 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பிரித்துக் கொடுக்கும்: மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. தம்பியோடு சேர்ந்து வீடு வாங்கியவர், ஒரு நாள் தம்பி மனைவியோடும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடும் கூட்டுச் சொந்தக்காரராக நிற்பார். பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் வீட்டை விற்பதும் சுலபமில்லை.

நம் தாமான்களில் திரும்பத் திரும்ப நான் பார்ப்பது இன்னொரு வகைக் கூட்டு. கிராண்டில் தெரியாத கூட்டு. அப்பா 55 வயதில் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுக்கிறார். வங்கி அவர் வயதைப் பார்த்து நீண்ட தவணைக்கு லோன் தராது. அதனால் முன்பணமும் லாயர் செலவும் கிரில், கிச்சன் கேபினெட்டும் அப்பா பணம். லோனும் பெயரும் மூத்த மகனுடையது. "என் வீடு" என்றுதான் அப்பாவும் சொல்கிறார், மகனும் சொல்கிறார். பிரச்சினை எதுவும் இல்லாதவரை இரண்டும் உண்மை. கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தபின் மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயில் எழுதும் வயதா அது? வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துக் கால் பங்கு, அதுவும் பெற்றோர் என்ற முறையில். முப்பது வருட வியர்வைப் பணம் கணக்கில் எங்கும் வராது. தகப்பன் மகனுக்குக் கொடுத்தது அன்பளிப்பு என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் தகப்பன் மேல். மருமகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவளும் கைக்குழந்தையோடு நிற்பவள். வாங்கும் நாளிலேயே இரண்டு வழி இருந்தது: அப்பா பெயரையும் ஒரு பங்கோடு கிராண்டில் ஏற்றியிருக்கலாம், வங்கி அதற்கு ஒப்பவில்லை என்றால் லாயரிடம் ஓர் அமானதப் பத்திரம் எழுதி, நில அலுவலகத்தில் தனியார் கேவியட் போட்டிருக்கலாம். கேவியட் ஆறு ஆண்டில் காலாவதியாகும், நாள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பெற்ற பிள்ளையிடம் பத்திரம் கேட்பதா என்று அப்பாக்கள் கூசுகிறார்கள். என்னைக் கேட்டால் மகன்தான் முந்திக்கொண்டு எழுதித் தர வேண்டும்.

இனி அக்காள் தம்பி விஷயம். லோனில் இருவரும் கையெழுத்துப் போட்டால் வங்கிக்கு இருவருமே முழுக் கடனாளிகள். கிராண்டில் 2/5 என்று இருக்கலாம். தம்பி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் தவணையை மறந்துவிட்டால் அக்காளிடம் 2/5 தவணை கேட்க மாட்டார்கள், முழுதும் கேட்பார்கள். பேங்க் நெகாராவின் கடன் பதிவான சிசிரிஸில் இருவர் பெயரிலும் அந்தக் கடன் ஏறும். கவனிக்காமல் விடும் இன்னொன்று 'முதல் வீடு' என்ற தகுதி. ஐந்து லட்சம் ரிங்கிட் வரை முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு இருக்கிறது. ஆனால் தனியாகவோ கூட்டாகவோ, ஏன், வாரிசாகவோ அன்பளிப்பாகவோகூட எந்தக் குடியிருப்பு வீடும் பெயரில் இருந்திருக்கக் கூடாது. அக்காளுக்கு உதவியாகக் கையெழுத்துப் போட்டுப் பாதிப் பங்கை ஏற்ற 24 வயதுத் தம்பி, பத்து வருடம் கழித்துத் தன் குடும்பத்துக்கு வீடு வாங்கப் போகும்போது அவனுக்கு அது முதல் வீடு இல்லை. மூன்றாவது வீட்டு லோனிலிருந்து 70 விழுக்காட்டுக்கு மேல் தரக் கூடாது என்ற பேங்க் நெகாராவின் 2010-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டிலும் கூட்டு லோன் ஒரு லோனாகவே எண்ணப்படும்.

பிறகு கல்யாணம் ஆகிறது. அக்காள் பினாங்கு போகிறார். பாதியைத் தம்பியே எடுத்துக்கொள்ளட்டும் என்று நல்லபடியாகவே முடிவாகிறது. வீடு இப்போது மூன்றரை லட்சம் பெறும். பாதி 1,75,000. அதற்கு முத்திரை வரி, முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 2 விழுக்காடு என்று 2,500 ரிங்கிட். வாங்கி மூன்று ஆண்டுக்குள் என்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து லாப வரி. ஆறாவது ஆண்டு முதல்தான் குடிமக்களுக்கு அது இல்லை. லாயர் செலவு தனி. பழைய லோனை மூடித் தம்பி ஒருவர் சம்பளத்தில் புது லோன் எடுக்க வேண்டும், முதலில் கிடைக்காமல்தானே அக்காளைச் சேர்த்தோம்? இதே மாற்றம் கணவன் மனைவிக்குள் என்றால் முத்திரை வரி இல்லை. பெற்றோர் பிள்ளைகளுக்குள் என்றால் 2023 ஏப்ரல் முதல் பத்து லட்சம் வரை இல்லை. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை மட்டும் வரிச் சட்டத்தின் கண்ணில் வழிப்போக்கர்கள். ஒரே வயிற்றில் பிறந்ததற்கு அங்கே ஒரு காசு தள்ளுபடி கிடையாது. எந்த நிதியமைச்சராவது இதைப் பார்த்தால் தேவலை.

கூட்டாக வாங்கவே வேண்டாம் என்று சொல்லவா இவ்வளவும்? இல்லை. தனியாக முடியாதவர்கள் வாடகையில் கரைவதைவிடச் சேர்ந்து வாங்குவது எவ்வளவோ மேல். சேர்வதற்கு இருக்கும் உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கை, பிரிவது எப்படி என்று எழுதுவதற்கும் வையுங்கள் என்பதே என் கட்சி. இரண்டு மூன்று பக்கம் போதும். முன்பணத்தில் யார் எவ்வளவு, தவணை யார் எவ்வளவு, குடியிருப்பவர் குடியிருக்காதவருக்கு ஏதாவது தர வேண்டுமா, கூரை ஒழுகினால் யார் செலவு, மாநகர் மன்ற வரியும் நில வரியும் யார் கட்டுவது. முக்கியமாக, ஒருவர் விலக நினைத்தால் முதலில் மற்றவரிடமே கேட்க வேண்டும், விலையைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டும், பணம் திரட்ட இத்தனை மாதம், முடியாவிட்டால் வெளியில் விற்றுப் பிரித்துக்கொள்வது. கூடவே ஆளுக்கொரு உயில். வீட்டுக் கடனுக்கான எம்ஆர்டிஏ காப்புறுதி ஒருவர் பெயரில் மட்டும் இருக்கிறதா, இருவர் பெயரிலுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மூத்தவர் பெயரில் மட்டும் எடுத்துவிட்டு இளையவருக்கு ஏதாவது ஆனால், கடன் அப்படியே நிற்கும்.

குடும்பத்தை விட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேரும் வழிகளும் உண்டு. இங்கிலாந்தில் 1980 முதல் இது சட்டத்திலேயே இருக்கிறது: வீட்டில் கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை வாங்கி, மீதிக்கு வீட்டுச் சங்கத்துக்கு வாடகை கட்டி, முடிந்தபோது பங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம். 2021-இல் குறைந்தபட்சப் பங்கைப் பத்து விழுக்காடாக்கினார்கள். பழைய ஒப்பந்தங்களில் கால் பங்குக்காரரே பழுதுபார்ப்புச் செலவை முழுக்க ஏற்க வேண்டியிருந்ததுதான் அங்கே பெரிய முணுமுணுப்பு. இங்கே 2018 நவம்பரில் அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் 'ஃபண்ட்மைஹோம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வாங்குபவர் 20 விழுக்காடு, மீதி முதலீட்டாளர்கள்; ஐந்து ஆண்டுக்குத் தவணை இல்லை; பிறகு விற்று லாப நட்டத்தைப் பிரிக்கலாம், அல்லது லோன் எடுத்து முழுதாக வாங்கிக்கொள்ளலாம் என்பது அன்றைய ஏற்பாடு. விலை இறங்கினால் முதல் அடி யாருக்கு என்று அன்றே பலர் கேட்டார்கள். எந்தப் பங்குத் திட்டத்திலும் நானும் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன்.

நமக்கே தெரியாமல் நம்மில் பலர் பங்குரிமையில் இருக்கவும் கூடும். இஸ்லாமிய வங்கிகளின் 'முஷாரகா முதனாகிசா' வீட்டு நிதி எல்லா மதத்தவருக்கும் திறந்தது. வட்டி கொஞ்சம் தோதாக இருக்கிறது என்று எடுத்தவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். அதை வட்டி என்று சொல்லவே கூடாது. வங்கி 90, நீங்கள் 10 என்று சேர்ந்து வாங்குகிறீர்கள். மாதாமாதம் கட்டுவதில் ஒரு பகுதி வங்கியின் பங்குக்கு வாடகை, ஒரு பகுதி அந்தப் பங்கையே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் விலை. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தவணை தவறினால் வங்கியின் மீதிப் பங்கை நீங்களே வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தத்தில் வாக்குறுதி கொடுத்திருப்பீர்கள். வீட்டு விலை சரிந்தாலும் அந்தத் தொகை சரியாது. பெயரில் கூட்டாளி, பழக்கத்தில் கடன்காரர்தான்.

கடைசியாக ஒன்று, ஆண் வாசகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. பாதித் தவணை மனைவியின் கையுறைத் தொழிற்சாலைச் சம்பளத்திலிருந்து போகிறது. கிராண்டில் கணவர் பெயர் மட்டும். கேட்டால், "அவளுக்கு எதுக்கு அலைச்சல்?" என்கிறார்கள். கணவன் மனைவிக்குள் பங்கை மாற்ற முத்திரை வரி இல்லை என்று மேலே சொன்னேனே. லாயர் கட்டணமும் பதிவுச் செலவும் மட்டும். லோன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். குத்தகை நிலமாக இருந்து, மாநில அரசின் அனுமதியின்றிப் பெயர் மாற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு கிராண்டில் அச்சாகியிருந்தால் அந்த விண்ணப்பத்துக்குச் சில மாதம் காத்திருக்க வேண்டும். தீபாவளிக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுப்பவர்கள் ஒரு வருடம் சேலைக்குப் பதில் '1/2 பஹாகியான்' எடுத்துக் கொடுக்கலாம்.

கூட்டாக வீடு வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நன்றாக நடந்த கதைகளும் வேண்டும், அவற்றை யாரும் எழுதுவதில்லை. சட்டச் சந்தேகங்களை லாயரிடம் காட்டிக் கேட்டு அடுத்த இதழ்களில் பதில் போடுகிறோம். கிராண்ட் நகல் அனுப்புபவர்கள் ஐசி எண்ணையும் வீட்டு எண்ணையும் பேனாவால் அடித்துவிட்டு அனுப்புங்கள். மூலப் பத்திரத்தை யாருக்கும், எங்களுக்கும்கூட, அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்